நன்றிக்குச் சிலை வைங்க, ஆட வைக்காதீங்க!

அமெரிக்கக் கால்பந்துல குவார்ட்டர்பேக் நாற்காலி ஒண்ணே ஒண்ணுதான் மக்களே. 2008-ல கிரீன் பே பேக்கர்ஸ் அதை ஆரன் ராட்ஜர்ஸுக்குக் கொடுத்தது பிரெட் ஃபார்வுக்குச் செஞ்ச துரோகமாம். இன்னமும் இதே பாட்டு!

மார்ச்சில் கண்ணீரோட ஓய்வு அறிவிச்சவர், கோடையில் திரும்பி வந்து இடம் கேட்டா? 2005-லேர்ந்து மூணு வருஷம் பெஞ்சைத் தேய்ச்ச பையன் என்ன இளிச்சவாயனா?

சரி, முதல் வருஷம் ராட்ஜர்ஸுக்கு 6 வெற்றி, 10 தோல்வி. ஒத்துக்கறேன். ஜெட்ஸுக்குப் போன ஃபார்வ் 9 ஆட்டம் ஜெயிச்சார். ஆனா 22 டச்டவுன், 22 இன்டர்செப்ஷன்! 2011 பிப்ரவரியில சூப்பர் பவுல் கோப்பையைத் தூக்கினது யாரு? அந்தப் பையன்தான்.

2023-ல ராட்ஜர்ஸையும் அதே ஜெட்ஸுக்கு அனுப்பிட்டு ஜோர்டன் லவ்வை இறக்கினாங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது. அதுக்காக அன்னிக்குப் பேசின நியாயத்தை மாத்திக்க முடியுமா என்ன?