மனக் காயமும் மந்திரத் தாயத்தும்

துறைமுகத்தில் மூட்டை சரிந்து கால் ஒடிந்தால், நமது தொழிலாளித் தோழர் "பூர்வ ஜென்ம வினை" என்று சொல்லிக்கொண்டு வீட்டில் படுத்திருப்பதில்லை. ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போகிறார். ஆனால் அவர் மகள் இரவில் அலறி எழுந்தாலோ, ஆளைக் கண்டு நடுங்கினாலோ, குடும்பமே பூசாரியைத் தேடி ஓடுகிறது. காலுக்கு ஒரு நியாயம், மனத்துக்கு ஒரு நியாயமா என்று கேட்கிறோம்.

பிள்ளைப் பருவத்தில் வருஷக் கணக்காய் அடியும் வசையும் பட்டு, குடிகாரத் தகப்பனின் காலடிச் சத்தத்துக்கு அஞ்சி, உறவுக்காரன் செய்த கொடுமையை வெளியில் சொல்ல வழியின்றி வளர்ந்தவர்களுக்கு அந்தப் பயம் பெரியவர்களான பின்னும் போய்விடுவதில்லை. தூக்கமின்மை, திடீர்க் கோபம், தன்னையே இழிவாய் எண்ணுதல், எவரையும் நம்ப முடியாமை ஆகியவை அதன் அடையாளங்கள். இதற்குக் கிரகமோ பேயோ காரணமல்ல. மனிதனுக்கு மனிதன் செய்த கொடுமையே காரணம். அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992 இல் இதைத் தனி நோயாக எடுத்துக் காட்டினார். 2022 இல் அமுலுக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் இது தனியிடம் பெற்றுவிட்டது.

இது மேல்நாட்டார் நோய் என்று தள்ளிவிட முடியாது. 13 மாநிலங்களில் நடத்தி 2007 இல் ஒன்றிய சர்க்கார் வெளியிட்ட ஆய்வில், மூன்றில் இரண்டு குழந்தைகள் அடிபட்டிருந்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு வகையில் பாலியல் கொடுமைக்கு ஆளாகியிருந்தார்கள். "அடியாத மாடு படியாது" என்று பேசும் சமூகத்தில் வேறென்ன விளையும்?

மதம் கண்ட வைத்தியம் என்ன? 2001 ஆகஸ்டு 6 இல் ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். எந்த மதத்துத் தெய்வமும் அந்தச் சங்கிலியை அவிழ்க்க வரவில்லை. சங்கிலியிடக் கூடாதென்றும், மனநோய்க்கு வைத்தியம் பெறுவது குடிமக்களின் உரிமையென்றும் சொன்னது 2017 ஆம் வருஷத்திய சட்டமே.

ஆகவே வைத்தியரைத் தேட வேண்டும். ஸ்டான்லியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1794 இல் கும்பெனியார் காலத்தில் தொடங்கிய மனநல ஆஸ்பத்திரி கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது. 14416 என்ற எண்ணில் இலவசமாய்த் தமிழிலேயே பேசி வழி கேட்கலாம்.

ஆனால் வைத்தியரையும் பகுத்தறிவு கொண்டே சோதிக்க வேண்டும். மனநல மருத்துவராயின் மருத்துவக் கவுன்சிலிலும், மருத்துவ உளவியலாளராயின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலிலும் பதிவு உண்டா என்று பாருங்கள். சிறு வயதுக் கொடுமையால் நொந்தவர்களுக்கு வைத்தியம் செய்த பழக்கம் உண்டா என்று கேளுங்கள். ஹெர்மன் சொன்ன முறைப்படி முதல் வேலை நோயாளிக்குப் பத்திர உணர்வைத் தருவது; நடந்ததைப் பேசுவது அதற்குப் பிறகு; மீண்டும் மனிதரோடு கலந்து வாழ்வது மூன்றாவது. முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டச் சொல்லி வற்புறுத்துகிறவரையும், ஒரே வாரத்தில் குணமென்று வாக்களிக்கிறவரையும் விட்டு விலகுங்கள். "பெற்றவர் தெய்வம், பொறுத்துப் போ" என்று உபதேசிக்கிறவர் வெள்ளைக் கோட்டு மாட்டிய புரோகிதரே அன்றி வைத்தியரல்ல. ஒருவர் ஒத்துவராவிட்டால் வேறொருவரிடம் போவதில் வெட்கம் ஏது?

இதில் சர்க்காருக்கும் கடமையுண்டு. நாட்கூலிக்காரர் வாரந்தோறும் ஒரு நாள் கூலியை இழந்து மாதக் கணக்கில் வைத்தியம் பார்க்க முடியுமா? இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் சுகாதார நிலையங்களில் மாலை வேளையில் மனநல வைத்தியர் இருக்க வேண்டுமென்று தொழிற்சங்கங்களும் மாதர் சங்கங்களும் தீர்மானம் போட்டுக் கிளர்ச்சி செய்ய வேண்டும்.

தோழர்களே! சுயமரியாதை என்பது மேடையில் பேசுவதற்கு மட்டுமல்ல. "நான் இழிந்தவன்" என்று ஒரு குழந்தையின் மனத்தில் அடித்துப் பதியவைத்ததைப் பிடுங்கியெறிவதும் சுயமரியாதை வேலையே. தாயத்துக்குக் கொடுக்கும் காசைப் பஸ் சார்ஜாக்கி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டில் குழந்தைமேல் ஓங்கும் கையை இன்றே இறக்குங்கள்.