சாவியும் பத்திரமும்

தம் இல்லத்தைச் சில நாள் தங்குவோர்க்கு வாடகைக்கு விடுவோர், அதனை நடத்தும் பொறுப்பை மேலாளரிடம் ஒப்புவித்தல் இந்நாளைய வழக்கு. 2008-ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ நகரில் தோன்றிய ஏர்பிஎன்பி போன்ற இணையதளங்களில், வீட்டைப் பற்றிய அறிவிப்பை மேலாளர் தம் கணக்கிலேயே பதிந்துவிடின் விளைவது யாது? அவர் விலகுங்காலை, விருந்தினர் எழுதிய மதிப்புரைகளும் முன்பதிவுகளும் அவர் கணக்கோடே நின்றுவிடும். வீட்டுக்குடையவர் புதிதாகப் பதியும் அறிவிப்புக்குப் பழைய மதிப்புரைகள் மாற்றித் தரப்படா. சுவரும் கூரையும் உடையவரிடம் இருக்க, பல்லாண்டு ஈட்டிய நற்பெயர் பிறர்பால் தங்கிவிடுகின்றது.

மேலாளரின் உழைப்பை யாம் குறைத்துக் கூறுகின்றோம் அல்லோம். அந்நற்பெயரில் அவர்க்கும் பங்குண்டென்பது மெய்யே. ஆயினும் அப்பங்கிற்கு ஈடு ஊதியமேயன்றி உரிமையன்று. ஆதலின், உடையவர் தம் கணக்கிலேயே அறிவிப்பைப் பதிந்து, மேலாளரை அதில் இணை விருந்தோம்புநராகச் சேர்த்துக்கொள்ளுதலே முறையென்பது எம் கருத்து. அவர்க்கு முழு அதிகாரமும் அளிக்கலாம். நாட்காட்டியையும் விருந்தினரோடு நிகழும் செய்திப் போக்குவரத்தையும் மட்டும் அளிக்கலாம். பிரியும் நாளில் அதனை மீட்டுக்கொள்ளலாம். நிழற்படங்களும் எஞ்சிய முன்பதிவுகளும் எவர்க்குரியன என்பதை ஒப்பந்தத்தில் முன்னரே எழுதிவைத்தல் இருவர்க்கும் நன்று. நம்பிக்கைக்குரியவரிடம் சாவியைக் கொடுக்கலாம். பத்திரத்தைக் கொடுத்தல் தகாது.