ஆயாவின் தட்டு

"வயசாயிடுச்சி, அப்படித்தான் இருக்கும்." கண்டமங்கலம் பக்கம் எந்தத் தெருவில் நின்றாலும் இந்தச் சமாதானம் காதில் விழும். ஆயா உலை வைத்ததை மறந்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். போன வாரம் வந்துபோன பேத்தியை, இன்னும் வரவில்லையே என்று கேட்கிறார். செருப்பு கழன்றது தெரியாமல் நாலு எட்டு நடக்கிறார். பாதத்தைப் பஞ்சுமேல் வைக்கிற மாதிரி இருக்கிறது என்று அவரே சொல்லியும் இருக்கிறார். எல்லாவற்றையும் கேட்டோம். வயதின் கணக்கில் எழுதிவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விட்டோம். இப்படிச் சொன்னது யாரோ இல்லை. புதுச்சேரிக்கும் விழுப்புரத்துக்கும் தினம் பஸ் ஏறுகிற, நாலு எழுத்துப் படித்த நாம்தான். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வயதானால் மறதி கொஞ்சம் வரும், அது உண்மை. ஆனால் சிலருக்கு வரும் மறதிக்குக் காரணம் வயது மட்டும் இல்லை, ஒரு வைட்டமின் குறைந்துபோனதும்தான். பி12 குறைந்தால் நரம்பைச் சுற்றியிருக்கும் உறை சிதைகிறது. கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், நாக்கு வழவழவென்று சிவந்து எரியும், காரணமே இல்லாமல் மனசு சோர்ந்து கிடக்கும், நினைவு தடுமாறும். உடம்பு தினமும் உண்டாக்குகிற ஹோமோசிஸ்டைன் என்ற பொருளை மாற்றிப் பயன்படுத்த பி12, ஃபோலேட், பி6 மூன்றும் வேண்டும். அது மாறாமல் ரத்தத்தில் தேங்கியவர்களுக்குப் பக்கவாதமும் மறதிநோயும் கூடுதலாக வருவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பி1 குறைந்தாலோ, சர்க்கரையை எரித்துச் சக்தியாக்க மூளையால் சரியாக முடியாது. உடம்பின் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான் மூளை. உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது.

பி12-ஐ ஈரல் சில வருஷங்களுக்குச் சேர்த்து வைத்திருக்கும். அதனால் ஆயாவின் குறை இன்று தொடங்கியது இல்லை. பல வருஷமாக அவர் தட்டில் என்ன விழுந்தது என்று நாம் பார்க்கவே இல்லை.

காலையில் டீயும் பொறையும், மதியம் ரசம் சோறு, ராத்திரி ரெண்டு இட்லி. கறியை மெல்லப் பல் இல்லை. பல்செட் கட்டித்தரச் சொல்லிக் கேட்டபோது "இந்த வயசுல எதுக்கு ஆயா" என்றோம். மீனில் முள் இருக்கும் என்று நாமே எடுத்து ஓரம் வைத்தோம். முட்டை, படிக்கிற பிள்ளைகளுக்குப் போனது. ரத்தக்கொதிப்பு என்றதும் கருவாட்டை நிறுத்தினோம். அது சரிதான், ஆனால் அந்த இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. பிள்ளைகள் சாப்பிட்டது போக மீதியைத் தின்று பழகிய மனுஷி எப்படிக் கேட்பார்?

பி12 செடிகொடிகளில் கிடைக்காது. கீரை, பருப்பு, கேழ்வரகு எல்லாம் நல்லவை, ஃபோலேட் தருபவை. ஆனால் பி12-க்கு அவற்றை நம்ப முடியாது. பழைய சோற்றில் பி12 கொட்டிக் கிடக்கிறது என்று வந்த செய்தியை நாம் கைபேசியில் பத்துப் பேருக்கு அனுப்பினோம். பழைய சோறு வயிற்றுக்கு நல்லதுதான், பி12-க்கு அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. ஒரு நாளைக்குத் தேவைப்படுவதோ சுமார் 2 மைக்ரோகிராம்தான். ஒரு முட்டையில் ஏறக்குறைய அரை மைக்ரோகிராம் இருக்கிறது, ஒரு டம்ளர் பாலில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். முள் எடுத்துப் பிசைந்த ரெண்டு மத்தி மீன் ஒரு நாள் கணக்கைத் தாண்டிவிடும். வீட்டில் இல்லாத பொருளா இது?

அடுத்தது மாத்திரை. வயதாக ஆக வயிற்றில் அமிலம் குறைகிறது, சாப்பாட்டிலிருந்து பி12-ஐப் பிரித்தெடுக்க அந்த அமிலம் வேண்டும். நாமோ நெஞ்செரிச்சலுக்கு ஒருமுறை எழுதித்தந்த 'கேஸ் மாத்திரை'யை, அதே சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் வருஷக்கணக்கில் வாங்கிக் கொடுத்தோம். அந்தப் பெயரில் வாங்குகிற ஒமிபிரசோல், பான்டோபிரசோல் இரண்டும் அமிலத்தைக் குறைப்பவை. இதனோடு சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். அது நல்ல மருந்து, நாமாக நிறுத்தக் கூடாது. ஆனால் பல வருஷம் சாப்பிடுகிறவர்கள் சிலருக்கு பி12 குறையும் என்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். 2022-இல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை அந்நாட்டு மருத்துவர்களுக்கு மறுபடி நினைவூட்டியது. 2021 ஆகஸ்ட் 5-இல் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியபின் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. வாங்கி வைத்தோம். கால் மரத்துப்போவதை வந்தவரிடம் சொன்னோமா? சர்க்கரை இருந்தால் கால் மரக்கும் என்று நாமே தீர்ப்பு எழுதிக்கொண்டோம். சர்க்கரையாலும் மரக்கும், பி12 குறைந்தாலும் மரக்கும், இரண்டும் சேர்ந்தும் இருக்கும். சோதித்தால்தான் தெரியும்.

இதெல்லாம் எங்கோ தூரதேசத்தில் கண்டுபிடித்துப் பூட்டி வைத்த ரகசியம் இல்லை. 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒற்றை அறையில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கியது பெரிபெரி ஆராய்ச்சி. பட்டை தீட்டிய பச்சரிசியை நம்பியிருந்த இடங்களில் பி1 இல்லாமல் வரும் நோய் பெரிபெரி. அந்த ஒற்றை அறைதான் பிறகு வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்த குழுவை நடத்திய எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1963-இல் வேலூர் சி.எம்.சி.யில் எஸ்.ஜே. பேக்கரும் உடன் பணியாற்றியவர்களும், கைவிரல் முட்டிகள் கறுத்துப்போவது பி12 குறைவின் அடையாளமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். கறுத்த முட்டியை நாமும் பார்த்திருக்கிறோம். வெயிலில் களை எடுத்த கை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

பெரிபெரி நம் பக்கம் பெரிதாகத் தலைகாட்டாமல் காத்தது புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 அரிசிக்குள் இறங்கிவிடும், பிறகு தீட்டினாலும் முழுக்கப் போகாது. வாசலில் அண்டா வைத்து நெல் அவித்துக் களத்தில் காயவைத்த பெண்கள், பெயர் தெரியாமலே அந்த வைட்டமினைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். நாம் வெள்ளை வெளேரென்ற அரிசியைக் கடையில் கேட்டு வாங்கி, நாலு தண்ணீர் விட்டுக் கழுவி, வடித்த கஞ்சியையும் சாக்கடையில் ஊற்றினோம். ரேஷனில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12-ம் சேர்த்த செறிவூட்டப்பட்ட அரிசி வந்தபோது, அந்த மணிகளை 'பிளாஸ்டிக் அரிசி' என்று சொல்லிப் பொறுக்கி எறிந்தோம். மிச்சத்தைக் கோழிக்குப் போட்டோம். அந்த அரிசியில் இருக்கும் பி12 கொஞ்சம்தான், அது ஒன்றே போதாது. ஆனால் எறிவதற்கு முன்னால் அது என்ன என்று விசாரிக்கக்கூட நமக்குப் பொறுமை இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம், புதுச்சேரியில், சாராயமும் பிராந்தியும் மலிவு. நம் ஊர் ஆண்கள் எத்தனை பேர் சாயங்காலமானால் அங்கே போய்த் திரும்புகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். வருஷக்கணக்கில் சோறு தின்னாமல் குடிக்கிறவர்களுக்கு பி1 அடியோடு குறைந்து, கண்பார்வை தடுமாறி, நடை தள்ளாடி, புத்தி குழம்பும். வெர்னிக்கி என்று அதற்குப் பெயர். உடனே பி1 ஊசி போட்டால் மீட்கலாம். விட்டுவிட்டால் புதிதாக எதுவும் மனதில் நிற்காத கோர்சகாஃப் நிலைக்குப் போய்விடும், நடக்காததை நடந்ததாகச் சொல்வார்கள். நாம் என்ன செய்தோம்? "குடிச்சிக் குடிச்சி மூள கலங்கிடுச்சி" என்று சொல்லித் திண்ணையில் ஒதுக்கிப் போட்டோம். அவர் பொய் சொல்கிறார் என்றும் திட்டினோம். சிகிச்சை உள்ள ஒரு நோயை ஒழுக்கக்கேடு என்று மட்டுமே பார்த்தோம்.

ஆனால் எல்லா மறதியும் வைட்டமினால் சரியாகிவிடும் என்று நம்பிவிடவும் கூடாது. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு மறதிநோய் இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய ஆய்வு சொல்கிறது. அதில் பெரும்பகுதி அல்சைமர் போன்றவை, மாத்திரையால் திரும்பாதவை. 2010-இல் ஆக்ஸ்ஃபோர்டில் டேவிட் ஸ்மித் குழுவினர், லேசான மறதி உள்ளவர்களுக்கு இரண்டு வருஷம் ஃபோலிக் அமிலம், பி12, பி6 கொடுத்துப் பார்த்தார்கள். ஹோமோசிஸ்டைன் கூடுதலாக இருந்தவர்களுக்கு மூளை சுருங்கும் வேகம் நன்றாகக் குறைந்தது. ஆனால் பல ஆய்வுகளில் 20,000-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துப் பார்த்த 2014-ஆம் ஆண்டுக் கணக்கில், குறை இருக்கிறதா என்று பாராமல் எல்லோருக்கும் கொடுத்ததில் பயன் தெரியவில்லை. ஆக, குறை உள்ளவரைக் கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் காரியம். நாம் அதிலும் சுலபமான வழியையே பார்த்தோம். 'சத்து மாத்திரை' ஒரு அட்டை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்தோம். பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்தசோகை சரியானது போலத் தெரியும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே இருக்கும்.

சீக்கிரம் பார்த்தால் இந்தக் குறை சரியாகும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஊசியாகப் போடலாம். வயிறு உறிஞ்சாதவர்களுக்கும் அதிக அளவு பி12 மாத்திரையில் ஒரு சிறு பங்கு உள்ளே போய்விடும், அதுவே போதுமானதாகும். பல மாதம் தாமதித்தால் நரம்பின் சேதத்தில் ஒரு பகுதி அப்படியே நின்றுவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் ஜிப்மர் பஸ் தூரத்தில்தான் இருக்கிறது. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் லீவு போடத் தெரிந்த நமக்கு, ஆயாவைக் கூட்டிக்கொண்டு ஒரு காலைப்பொழுது வரிசையில் நிற்க முடியாதா?

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பெரியவரின் மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள். மெட்ஃபார்மினும் கேஸ் மாத்திரையும் எத்தனை வருஷமாகப் போகின்றன என்று அவரிடமே கேளுங்கள். செருப்பைக் கழற்றச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லி, பாதத்தைத் தொட்டால் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு மதியம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். நாலைந்து வருஷத்துக்கு மேல் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவராகவோ, கால் மரத்தவராகவோ இருந்தால், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது பி12 சோதித்துப் பார்க்கச் சொல்லி நீங்களே வாய்திறந்து கேளுங்கள்.