வேஷக்காரர்களிடம் ஜாக்கிரதை!

2023 மார்ச் மாதத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டிக் கொல்லுகிறார்கள் என்ற வதந்தி செல்போனுக்குச் செல்போன் பறந்தது. கட்டுப் போட்டுக்கொண்ட இரண்டு பேர் வீடியோவில் புலம்பினார்கள். அந்தக் காட்சி பாட்னா நகரிலேயே வேஷங்கட்டி எடுக்கப்பட்டது என்று பீகார் போலீஸ் விசாரணையிலேயே வெளியாயிற்று. அதற்குள் பீதியடைந்த தொழிலாளர் பலர் ஊருக்கு ரயிலேறிவிட்டனர்.

ஏன் இந்த வேஷம்? புரளிக்காரன் சொந்த முகத்தோடு வந்தால் எவனும் நம்பமாட்டான். அடிபட்ட தொழிலாளியின் முகத்தைக் கடன் வாங்கினால் ஊரே நம்பும். பார்ப்பவர் கூட்டம் பெருகினால் காசு. பகை வளர்ந்தால் ஓட்டு.

வேலை போய்விடுமோ என்று அஞ்சி, பெயரை மறைத்து ஆலையின் அக்கிரமத்தைச் சொல்லும் தொழிலாளியும் உண்டு. அவன் சொல்வது உண்மை. அவனை இந்தக் கூட்டத்தோடு சேர்க்கக் கூடாது.

ஓசூர் ஆலைகளில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி பேசுவோர் ஒரே ஷிப்டில் வேலை செய்கிறோம். ஜவளகிரி வட்டாரத்து வயல்களிலும் பல மொழி பேசுவோர் சேர்ந்தே பாடுபடுகிறோம். நம்மைப் பிரித்துவிட்டால் கூலியைக் குறைப்பது முதலாளிக்குச் சுலபம்.

ஆகவே தோழர்களே! இப்படிப்பட்ட வீடியோ வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். பக்கத்து மெஷினில் நிற்கும் பீகார்த் தோழனிடம் விசாரியுங்கள். வேஷம் தானே கலையும்!