கணக்கில் வராத ஆறு வருசம்

தோழர்களே,

நான் என் அக்காவின் இடுப்பில் வளர்ந்தவன். விடிகாலையில் நடவுக்குப் போகும் அம்மா பொழுது சாய்ந்துதான் திரும்புவாள். அதுவரைக்கும் என்னைச் சுமந்தவளுக்கு அப்போது ஏழு வயது. நான் கல்லூரி வரைக்கும் போனேன். அவள் பள்ளிக்கூட வாசலை மிதிக்கவில்லை. 'தம்பி படிக்கட்டும்னு விட்டுக்கொடுத்தவ' என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார்கள். அவள் விட்டுக்கொடுக்கவில்லை; அவளிடம் யாரும் கேட்கவே இல்லை.

அண்மையில் ஒரு சேரியில் கூட்டம். இடஒதுக்கீடு, உதவித்தொகை, விடுதிகளின் நிலைமை எல்லாம் பேசி முடித்தோம். கைக்குழந்தையோடு பின்னால் நின்ற ஒரு பெண் கேட்டாள்: "ஏண்ணே, காலேஜ் பிள்ளைங்களுக்கு மட்டும்தான் பேசுவீங்களா? இத வச்சிக்கிட்டு நான் எப்படி வேலைக்குப் போறது? பெரியவள பள்ளிக்கூடத்த விட்டு நிறுத்தினாத்தான் ஆவும் போல." யாரிடமும் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

ஒடுக்குமுறையை நாம் பள்ளிக்கூடத்திலிருந்துதான் எண்ணத் தொடங்குகிறோம். அம்பேத்கர் உட்கார்ந்த கோணிப்பையிலிருந்து தொடங்குகிறோம். சாதியோ அதற்கும் முன்பே தூளியருகில் வந்து நின்றுவிடுகிறது. பிறக்கும்போது குழந்தையின் மூளை, வளர்ந்தவர் மூளையில் ஏறத்தாழக் கால்பங்கு எடைதான். ஆறு வயதுக்குள் அது பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடுகிறது. இந்த வருசங்களில் உடம்பு, அறிவு, மனசு மூன்றும் தனித்தனியாக வளர்வதில்லை. இரும்புச்சத்துக் குறைந்த குழந்தை சோர்ந்து கிடக்கும். சோர்ந்த குழந்தை தவழ்ந்து போய் எதையும் தொட்டுப் பார்க்காது. தொட்டுப் பார்த்தால்தானே கேள்வி பிறக்கும்? இரண்டு மாதத்தில் அது முகம் பார்த்துச் சிரிக்கிறது. திருப்பிச் சிரிக்க ஒரு முகம் வேண்டும். ஒரு வயதையொட்டி விரல் நீட்டிக் காட்டுகிறது. 'அது காக்கா' என்று சொல்ல ஒரு குரல் வேண்டும். அந்த முகமும் குரலும் யாருடைய வயலில் குனிந்து நிற்கின்றன?

2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரமில்லாமல் குன்றிப்போனவர்கள். பட்டியல் சாதிக் குழந்தைகளில் இது 39 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. சாதி மனசில் மட்டும் இல்லை. எலும்பின் நீளத்திலும் இருக்கிறது.

'அப்படியானால் நம் பிள்ளைகள் குறைந்தவர்கள் என்று நாமே ஒத்துக்கொள்வதா?' என்று ஒரு தோழர் கோபப்பட்டார். நியாயமான கோபம். ஆனால் உண்மை நேர் எதிரானது. தகுதி, திறமை என்று கூச்சல் போடுகிறவர்கள், அறிவு ரத்தத்தில் வருவதாக நம்பச் சொல்கிறார்கள். அந்தப் பொய்யைத்தான் குழந்தை வளர்ச்சி பற்றிய அறிவியல் உடைத்துப் போடுகிறது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்கள் பெரும்பான்மையாக வாழும் ஜமைக்காவைப் பாருங்கள். 1980களின் பிற்பாதியில் கிங்ஸ்டன் நகரத்து ஏழைக் குடியிருப்புகளில், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளோடு ஓர் ஆய்வு தொடங்கியது. ஒரு பகுதிக் குழந்தைகளின் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் உள்ளூர்ச் சுகாதாரப் பணிப்பெண் போனாள். கையால் செய்த பொம்மைகளை வைத்து அம்மாவையும் குழந்தையையும் சேர்த்து விளையாட வைத்தாள். இரண்டு வருசம், அவ்வளவுதான். இருபது வருசம் கழித்துப் பார்த்தபோது, அந்த விளையாட்டு கிடைத்தவர்களின் சம்பாத்தியம், கிடைக்காதவர்களைவிடச் சுமார் 25 சதவீதம் கூடுதலாக இருந்ததை 2014இல் வெளியிட்டார்கள். சத்துணவு மட்டும் கிடைத்தவர்களிடம் இந்த நீடித்த பலன் தெரியவில்லை. சோறு வேண்டும், சோறு மட்டும் போதாது.

இதை வைத்து, 'குழந்தையோடு பேசு, கதை சொல்லு' என்று நம் பெண்களுக்கு உபதேசம் செய்யக் கிளம்பிவிடாதீர்கள். தாலாட்டும் விடுகதையும் சொலவடையும் சேரியில் பஞ்சமா? பஞ்சம் நேரத்துக்குத்தான். அந்த நேரத்தைப் பறித்தவனை விட்டுவிட்டுத் தாயைக் குற்றவாளியாக்குவது அயோக்கியத்தனம்.

அரசு என்ன செய்தது? 1975 அக்டோபர் 2இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் 2002ஆம் ஆண்டின் 86ஆவது அரசியல் சட்டத் திருத்தம், கல்வியை ஆறு வயது முதல் பதினான்கு வரைக்கும் மட்டுமே அடிப்படை உரிமையாக்கியது. ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை, அரசு 'முயலும்' என்ற பட்டியலில் தள்ளிவிட்டது. முயற்சிக்கு யார் மேல் வழக்குப் போடுவது? 2006 டிசம்பரில் உச்சநீதிமன்றம், 40 குழந்தைகள் உள்ள குடியிருப்பு கேட்டால் மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடி தரவேண்டும், பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை வேண்டும் என்று ஆணையிட்டது. இந்த ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை சேரிகளில் மனுப் போட்டிருக்கிறோம்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

இருக்கிற மையத்திலும் இரண்டு வயதுக்குக் கீழே என்றால் பெரும்பாலும் சத்துமாவுப் பொட்டலத்தோடு சரி. பிள்ளையை வைத்துப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. மூளை வேகமாக வளர்கிற வயதும் அதுதான், அக்காக்கள் படிப்பை இழக்கிற வயதும் அதுதான். மையம் ஊர்த்தெருவில் இருந்தால் நம் குழந்தை தயங்கித் தயங்கிப் போகிறது. 'தள்ளி உக்காரு' என்ற சொல்லை மூன்று வயதில் ஒருமுறை கேட்டாலும் போதும், எழுத்துக்கு முன்னால் அவமானத்தைப் படித்துவிடும். சேரியில் இருந்தால் ஊர்ப்பிள்ளைகள் வருவதில்லை. நம் பெண் சமைத்தால் டிபன் டப்பா வீட்டிலிருந்து வருகிறது.

இது புதிய கோரிக்கை அல்ல. 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், பேறுகாலத்தில் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டுக்கே நன்மை என்று வாதாடினார். அதன் சுமையில் பெரும்பகுதியை அரசு ஏற்கவேண்டும் என்றார். நாம்தான் அதைப் 'பொம்பளைங்க சமாச்சாரம்' என்று ஓரங்கட்டினோம். மேடையில் விடுதலை பேசிவிட்டு வீட்டில் அழுகிற பிள்ளையை மனைவியிடம் தள்ளுகிற தோழர்களில் நானும் ஒருவன்.

ஆகவே நமது கோரிக்கைகள்: சேரிதோறும், கூலி வேலை நேரம் முழுக்கத் திறந்திருக்கும் குழந்தைக் காப்பகம், பிறந்த சில மாதங்களிலிருந்தே அதில் இடம், அங்கே நம் பெண்களுக்கு முறையான சம்பளத்தோடு வேலை, சாதி பார்த்துச் சோற்றை மறுக்கத் தூண்டுவோர் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்ட நடவடிக்கை, ஆறு வயதுக்குட்பட்டோர் கல்விக்கும் அடிப்படை உரிமை என்ற தகுதி.

மாணவத் தோழர்களே, கோரிக்கை நிறைவேறும்வரை கைகட்டி நிற்க வேண்டாம். மாலை வகுப்பு நடத்துகிற சேரியில் வாரம் ஒரு மணி நேரம் தவழ்கிற பிள்ளைகளோடும் உட்காருங்கள். கொட்டாங்குச்சியும் துணிப்பந்தும் போதும்.

அந்தப் பெண்ணின் பெரிய மகள் இன்னும் பள்ளிக்கூடம் போகிறாளா? அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறிக்குமுன் நாம் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

தோழமையுடன்,
ஆசிரியர்