நகை எங்கே?

திருமண மேடைகளில் வாழ்த்துரை வழங்குவோர் தவறாமல் கூறும் தொடர் ஒன்று உண்டு: பொன்னகையினும் புன்னகையே மேலானது. கூடியிருப்போர் கைதட்டுகின்றனர், இரு வீட்டாருங்கூடக் கைதட்டுகின்றனர். ஆனால், மணமகள் மேடையேறும் முன்பே எத்தனை பவுன் என்னும் கணக்கு முடிந்திருக்கிறது. இச்சொல் விளையாட்டுக்கு நாம் இன்னும் எத்தனை காலம் கைதட்டப் போகிறோம்?

நகை என்னும் சொல்லின் முதற்பொருள் சிரிப்பு. 'நகு' என்னும் வினையடியில் பிறந்த அச்சொல்லுக்கு மகிழ்ச்சி என்றும் ஒளி என்றும் பொருள் உண்டு. ஒளிர்வதனால் அணிகலனும் அப்பெயரைப் பெற்றது எனலாம். இன்றோ, பின்னர் வந்த பொருள் முதற்பொருளை வீட்டைவிட்டே வெளியேற்றிவிட்டது. 'நகை எங்கே?' என்று கேட்டால் முகத்தைப் பார்ப்பாரில்லை. கழுத்தைப் பார்க்கின்றனர், இல்லையேல் பீரோவைத் திறக்கின்றனர்.

எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலாவதாக வைத்தவர் தொல்காப்பியர். எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கின் வழி அது பிறக்கும் என்றார் அவர். சிரிப்பில் ஏளனமும் உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. நாம் அந்த நான்கில் எள்ளலை மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டோம். குறைந்த பவுனோடு வாழ வந்த மருமகளைச் சூழ்ந்து எழும் சிரிப்பு எதில் பிறந்தது? கள்ளமற்ற இளமையிலா?

'நல்ல குடும்பம்' என்று விசாரித்துத்தானே சம்பந்தம் பேசுகிறோம்? நல்ல குடிக்கு உரியவை எவை என்பதைத் திருக்குறளின் குடிமை அதிகாரம், 953ஆம் குறளில் கூறுகிறது. மலர்ந்த முகம், கொடை, இனிய சொல், பிறரை இகழாமை ஆகியவையே அந்நான்கு. மலர்ந்த முகத்திற்கு வள்ளுவர் அங்கே ஆளும் சொல் நகை! அதனை அணிகலன் என்று பொருள் கொள்வார் எவரும் இலர். நல்ல குடி நகையைக் கேட்டு வாங்குவதன்று, வருவோர்க்கு வழங்குவது.

'பெண்ணுக்கு நகை ஒரு பாதுகாப்பு அன்றோ?' என வினவுவோர் உளர். அவளது விருப்பப்படி, அவளது கையிலேயே இருக்குமாயின் நாம் மறுக்கவில்லை. ஆனால், கணவனின் கடனுக்கு அடகுக் கடை செல்வது யாருடைய வளையல்? நாத்தனாரின் திருமணத்திற்குக் கழன்று போவது யாருடைய சங்கிலி? வரதட்சணைத் தடைச் சட்டம் 1961ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. கேட்பதை விட்டோமா? 'உங்கள் பெண்ணுக்கு நீங்கள் போடுவதுதானே' என்று கேட்கும் முறையை மட்டும் மாற்றிக்கொண்டோம்.

ஆகவே, மேடையில் புன்னகையைப் புகழ்வதை நிறுத்துவோம். பெண் பார்க்கச் செல்லும் நாளில், பவுன் கணக்கைப் பேசாது எழுந்து வருவோம். அன்று அப்பெண்ணின் தந்தை முகத்தில் எது மலர்கிறதோ, அதற்குத் தமிழ் இட்ட பெயரே நகை.