சமாதானத்துக்கும் ஒரு படிப்பா?

போன வெள்ளிக்கிழமை அடுத்த வீட்டு மாமி வந்து உட்கார்ந்தாள். முகத்தில் ஒரே கவலை.

"எங்காத்துக் கூத்தைக் கேட்டேளா? பி.ஏ. பாஸ் பண்ணின பெண், மேலே சமாதானமும் மனித உரிமையும் படிக்கப் போறாளாம்! சமாதானத்துக்கு ஒரு படிப்பு வேணுமா? மாமியார் ஒண்ணு சொன்னா, வாயை மூடிண்டு போனா சமாதானம் தானா வரது. முப்பது வருஷமா நான் அப்படித்தானே இருக்கேன்!"

சிரிக்காதீர்கள், சகோதரிகளே! எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பிறகு அந்தப் பெண்ணையே கூப்பிட்டுக் கேட்டேன். அவள் சொன்னதையும், நான் தேடிப் படித்ததையும் சேர்த்து உங்களுக்குச் சொல்கிறேன்.

மத்திய அமெரிக்காவில் கோஸ்டா ரிக்கா என்று ஒரு குட்டி தேசம். 1948-ஆம் வருஷம் அங்கே உள்நாட்டுச் சண்டை. ஜெயித்து ஆட்சிக்கு வந்த ஹோஸே ஃபிகேரெஸ் என்ன செய்தார் தெரியுமா? சேனையைப் பெருக்கவில்லை, டிசம்பர் 1-ஆம் தேதி சேனையையே கலைத்துவிட்டார்! சம்மட்டியை எடுத்துப் பட்டாளக் கோட்டையின் சுவரில் ஓங்கி அடித்தார். அந்தக் கோட்டை இப்போது மியூசியம். அந்த தேசத்தில்தான், 1980-இல், ஐக்கிய நாடுகள் சபை சமாதானத்துக்கென்றே ஒரு சர்வகலாசாலையை ஏற்படுத்தியது. சர்வதேசச் சட்டம், மனித உரிமை, சண்டை மூளும் காரணங்கள், அதில் பெண்கள் படும் பாடு எல்லாம் அங்கே எம்.ஏ. பாடம்.

இந்தப் படிப்புக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவர் நார்வே தேசத்து யோஹான் கால்டுங். 1959-இல் ஆஸ்லோ நகரில் சமாதான ஆராய்ச்சிக்கு ஒரு நிலையம் தொடங்கினார். அவர் சொன்ன ஒரு விஷயம் நம் சமையலறைக்கே பொருந்தும். சமாதானம் இரண்டு வகை என்றார் அவர். அடிதடி இல்லாதிருப்பது ஒன்று. அநியாயமே இல்லாதிருப்பது இன்னொன்று. ஒருத்தி வாய் திறவாமல் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருக்கும் வீட்டில் சத்தம் இராதுதான். ஆனால் அது முதல் வகையோடு நின்றுவிட்ட சமாதானம்.

வாய் திறந்தால் என்ன ஆகும்? அதற்கும் ஒரு கதை உண்டு. 1948 டிசம்பர் 10 அன்று பாரிஸ் நகரில் மனித உரிமைப் பிரகடனம் நிறைவேறியது. அதன் நகலில், முதல் ஷரத்திலேயே, 'எல்லா ஆண்களும்' என்றும் பொருள்படும் ஆங்கிலச் சொல் இருந்தது. பெண்களும் அதில் அடக்கம்தான் என்று சமாதானம் சொன்னவர்கள் உண்டு. இந்தியப் பிரதிநிதி ஸ்ரீமதி ஹன்ஸா மேத்தா அந்தச் சமாதானத்தை ஏற்கவில்லை. 'மனிதப் பிறவிகள் எல்லோரும்' என்று திருத்தத்தான் வேண்டும் என்று வாதாடினார். திருத்தமும் ஆயிற்று. அந்த அம்மாள் பரோடாக் கல்லூரியில் தத்துவம் படித்தவர்!

"எல்லாம் சரி, உத்தியோகம் கிடைக்குமா?" என்று கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பட்டம் வாங்கிய மறுநாளே சம்பளம் என்று சொல்வதற்கில்லை. அகதிகளுக்கு உதவும் நிலையங்கள், ஐ.நா. காரியாலயங்கள், கல்லூரிகள், பத்திரிகைகள் என்று வழிகள் உண்டு, காத்திருக்க வேண்டும். வெளிநாடு என்றால் செலவும் அதிகம். ஆகவே, உபகாரச் சம்பளம் உண்டா என்று முதலில் விசாரித்துக் கொள்வது புத்திசாலித்தனம்.

நேற்று மாமியிடம் இதையெல்லாம் சொன்னேன். வெகு நேரம் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அப்படின்னா, எங்காத்துலே முப்பது வருஷமா இருக்கறது எந்தச் சமாதானம்?" என்றாள்.

பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. வாசற்படி வரை போனவள் திரும்பி நின்றாள்.

"அந்த அப்ளிகேஷனுக்குக் கடைசித் தேதி என்னிக்குன்னு அவளைக் கேக்கறேன்" என்றாள்.